மாவள்ளம் கரை சேர்ந்த படம்

வெளிநாட்டிலிருந்து மாமா கமராவோடு வந்தது சண்டை முடிந்த அடுத்த வருடம். எனக்குப் பத்து வயது. கல்லடிப் பாலத்தில் அவர் கமராவைக் கழுத்தில் தொங்கவிட்டபடி நடந்தார். "அண்ணன், அத பேக்குக்குள்ள வைங்க, ஆரும் கேக்கப் போறாங்க" என்று அம்மா பாலம் முடியும்வரை கெஞ்சிக்கொண்டே பின்னால் வந்தார். கேட்க அங்கே இப்போது ஆமிக்காரர் யாரும் இல்லை. அது அம்மாவுக்கு இன்னும் பழகவில்லை.

கமராவில் கார்ட்டூன் எடுக்கலாம் என்று மாமா சொன்ன பிறகு வீட்டில் எனக்கு வேறு பேச்சில்லை. உருவத்தைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு படம், இன்னும் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு படம். வேகமாக ஓட்டினால் உருவம் தானே நடக்கும். மாமா திரும்பிப் போக இரண்டு கிழமை இருந்தது. அவரோடு கமராவும் போய்விடும். அதற்கு முதல்நாள் பின்னேரம் எங்கள் வீட்டு டீவியில் என் படம் ஓடும் என்று ஒழுங்கை வீடுகளின் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் வாக்குக் கொடுத்தேன். அப்போது ஒரு படம்கூட எடுத்திருக்கவில்லை.

கதை சின்னது. ஒருவர் வள்ளத்தில் போய், எங்கள் ஊரில் கதையாய்ச் சொல்லும் பாடும் மீனைப் பிடிக்கிறார். பின்னறை மேசையில் பாதி, அம்மாவின் நீலச் சேலை விரித்த கடல். மறுபாதி மணல், தீக்குச்சித் தென்னைகள். ஆளையும் வள்ளத்தையும் கோதுமை மாவில் பிசைந்து செய்தேன். மேசைக்கு மேலே சுவரில் சின்ன மாமாவின் படம் மாலையோடு இருந்தது. சுனாமி வந்த காலையில் வள்ளம் தள்ளக் கரைக்குப் போனவர். எனக்கு அந்தப் படத்தில்தான் அவர் முகம் தெரியும்.

எதையும் எண் போட்டு எழுதுவது எனக்கு அப்போதே பழக்கம். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பாடங்கள் சேர்ந்தன. ஒன்று, வெயில் நகர்ந்தால் நிழலும் நகரும். காலை ஒன்பது மணிக்கு மட்டுமே எடுக்கலாம். இரண்டு, மாவில் ஆள் செய்தால் எறும்பு முதலில் மூக்கைத் தின்னும். மூன்று, அக்கா சிரித்தால் மேசை ஆடும்.

இவற்றைச் சமாளிக்கலாம். ஆனால் ஒவ்வொரு நாளும் கடல் நடுவே விட்டுவந்த வள்ளம், மறுநாள் காலையில் மேசை மூலையில், தென்னைகளுக்கும் பின்னால் இருந்தது. விட்ட இடம் சரியாகத் தெரியாததால் மறுபடி அங்கிருந்தே புறப்பட வேண்டியிருந்தது. ஒரு கிழமை போயும் ஆள் மீனை எட்டவில்லை.

"நீதான் எடுத்த!" என்று அக்காவிடம் பாய்ந்தேன்.

"உன்ட மூக்கில்லாத ஆள நான் ஏன் தொடுறன்? எறும்பிட்டக் கேளு."

ஒரு மத்தியானம் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். அம்மா தும்புத்தடியோடு வந்து கூட்டினார். மேசையடியில் நின்றார். இரண்டு விரலால், ஆள் விழாமல் வள்ளத்தைத் தூக்கித் தென்னைகளுக்குப் பின்னால் வைத்தார்.

"அம்மா! என்ட படம் பழுதாப் போச்சு!"

"என்னகா புள்ள, அதக் கடல்லயே உட்டுட்டுப் போனா எப்பிடி?"

"கரையில வச்சாப் போதாதா? ஏன் அந்த மூலையில?"

"போதாது" என்றுவிட்டுத் தும்புத்தடியை எடுத்துக்கொண்டு போனார்.

அழுதுகொண்டு மாமாவிடம் ஓடினேன். அவர் அம்மாவை ஒன்றும் கேட்கவில்லை. "அவ வைக்கட்டும். நீ எடுத்த ஒண்டையும் அழிக்காத, எல்லாத்தையும் சேத்து ஓட்டுவம்" என்றார். கடைசி நாள் காலையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எடுத்து, ஆளை மீனிடம் சேர்த்துவிட்டேன்.

அன்று பின்னேரம் கூடம் நிறையப் பிள்ளைகள். டீவியில் வள்ளம் புறப்பட்டது. பாதிக் கடலில் சட்டென்று தென்னைக்குப் பின்னால் போய் நின்றது. மறுபடி புறப்பட்டது. மறுபடி தென்னை. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"வேலைக்குப் போக அலுப்படா அவருக்கு!" என்று ஒருவன் கத்தினான்.

"இல்லடா, மனிசி சோத்துக்குக் கூப்பிட்டிருப்பா!"

கூடமே உருண்டு சிரித்தது. போகப் போக மூக்கும் சிறுத்தது. அதற்குத் தனிச் சிரிப்பு. கடைசியில் மீன் பிடிபட்டதும் அக்கா திரைச்சீலைக்குப் பின்னால் நின்று மூக்கால் பாடினாள். மறுபடி போடு, மறுபடி போடு என்று மூன்று தரம் ஓட்டினோம். கதவு நிலையில் சாய்ந்திருந்த அம்மாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பிள்ளைகள் போன பிறகு அம்மா கதையின் மிச்சத்தைக் கேட்டார்: "மறுகா?"

"மறுகா என்ன? மீன் பிடிச்சாச்சு, முடிஞ்சுது."

"ஆள் வந்து சேரல்லியே."

மாமா கமராவை என் கையில் தந்தார். "நீ எடு. தங்கச்சி, நீ நகத்து."

காலை ஒன்பது மணிப் படத்தில் பின்னேர வெயில். நிழல்கள் எல்லாம் எதிர்ப்பக்கம் விழுந்தன. அம்மா விரலளவு விரலளவாக வள்ளத்தை நகர்த்தினார். மணலில் நிறுத்தச் சொன்னேன். நிறுத்தவில்லை, தென்னைகளையும் தாண்டி மூலைவரை கொண்டுபோனார். கையை எடுங்கள் என்று எத்தனை தரம் கத்தியும் எடுக்கவில்லை. ஒவ்வொரு படத்திலும் வள்ளத்தைப் பிடித்தபடி அவருடைய இரண்டு விரல்கள் விழுந்தன.

எனக்குச் சரியான கோபம். கொப்பியைத் திறந்து நான்காவது பாடத்தை எழுதி, இரண்டு முறை அடிக்கோடும் இட்டேன்: நல்ல படத்தில் யாருடைய கையும் தெரியக் கூடாது.