பனி ஏரியும் அம்மாவின் ஜல்லிக்கரண்டியும்

கூப்பிட்டாலும் வராதே என்று சொல்லிவிட்டுப் போன அம்மா, பிறகு எதற்காக என்னைக் கூப்பிட்டாள்? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. அது நினைவுக்கு வரும்போதெல்லாம் முன்னால் வந்து நிற்பது ஒரு வாடைதான்: ஹீட்டரின் மேல் காயப்போட்ட கம்பளிக் கையுறைகளின் ஈர வாடையும் அதில் ஏறிப்போய்விட்ட மீன் கவிச்சியும். ஜன்னலைத் திறக்க முடியாத மாதங்கள் என்பதால் அந்த வாடை மார்ச் வரை எங்களோடுதான் குடியிருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, நியூ ஜெர்சியின் வடக்கே ஒரு அபார்ட்மெண்டின் இரண்டாவது மாடியில் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் வேலை. அம்பாசமுத்திரத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்த அம்மாவுக்கு, வந்த விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை. கார் ஓட்டத் தெரியாது. நடந்துபோகும் தூரத்தில் கடை இல்லை. சமையலறை ஜன்னல் வழியாகத் தெரிந்த சிறிய ஏரிதான் அவள் பார்த்த அமெரிக்கா. டிசம்பர் கடைசியில் அதுவும் மூடிக்கொண்டுவிடும்.

ஏரி மூடிக்கொண்டதும் அப்பாவுக்கு மட்டும் ஒரு கதவு திறந்தது. உறைந்த ஏரியின் மேல் சிலர் ஓட்டை போட்டு உட்கார்ந்து மீன் பிடிப்பதை முதல் வருடம் முழுவதும் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர், இரண்டாம் வருடம் பழைய சாமான் விற்கும் ஒரு கராஜ் சேலில் முழநீளத் தூண்டிலும், கையால் சுற்றித் துளைக்கும் ஒரு பெரிய திருகுக் கம்பியும் வாங்கி வந்துவிட்டார். அந்தக் கம்பியைச் சுற்றச் சுற்ற பனிக்கட்டி வெள்ளை வெளேரென்று துருவலாகக் குவியும் என்பதால் எங்கள் வீட்டில் அதற்கு "தேங்காத் துருவி" என்று பெயர். போட்ட ஓட்டையில் மிதக்கும் பனித்தூளை அள்ளிப் போடக் கண்ணுள்ள அகப்பை ஒன்று வேண்டும். அதற்கு அப்பா கேட்காமல் எடுத்துக்கொண்டு போனது, அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த ஜல்லிக்கரண்டியை.

"அமாவாசைக்கு வடை சுடுத கரண்டி அது" என்றாள் அம்மா.

"கழுவித்தான தாரேன்" என்றார் அப்பா.

"எதை எதைத்தான் கழுவ? மாவுச் சட்டிக்குப் பக்கத்துல புழு டப்பா வச்சிருக்கீயளே, அந்த ஃபிரிட்ஜக் கழுவவா?"

தூண்டிலுக்கான வெள்ளைப் புழுக்கள் குளிரில் இருந்தால்தான் கெடாது என்பது உண்மை. தோசை மாவும் அப்படித்தான் என்பதால் அந்தச் சண்டை தீரவே இல்லை.

கிடைப்பதெல்லாம் உள்ளங்கை அகல மீன்கள். ப்ளூகில் என்று பெயர். செவுளோரம் நீலம் ஓடிய தட்டையான உடம்பு. அம்மா அதை முதல் நாளே "சிலேபி" என்று எங்கள் ஊர்க் குளத்து மீனின் பெயரால் கூப்பிட்டு, மிளகாய்த்தூள் பிசறி வறுத்து, முள் எடுத்து எனக்கு ஊட்டினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் மட்டும் அவள் முகம் கொஞ்சம் இளகும். ஆனால் அப்பா எத்தனை முறை கூப்பிட்டும் ஏரிக்கு வரமாட்டாள். "தண்ணி மேல நடக்க நான் என்ன சித்தரா?" என்பாள்.

அந்த வருடம் தை மாதத்தில் அவளுடைய ஒரே தம்பிக்குக் கல்யாணம் என்று நிச்சயமானது. எங்கள் பக்கம் மாப்பிள்ளை தாலியில் ஒரு முடிச்சுதான் போடுவார். மற்ற இரண்டையும் அக்கா தங்கை பின்னால் நின்று போடவேண்டும். அம்மாவை விட்டால் அந்த முடிச்சுக்கு ஆள் இல்லை. ஆனால் எங்கள் கிரீன் கார்டு பேப்பர் அரைகுறையாக நின்ற நேரம் அது. இப்போது வெளியே போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை என்று வக்கீல் சொல்லிவிட்டார். ஊரிலிருந்து தாத்தா போனில், "தை பொறந்தா வழி பொறக்கும், பொறுத்திரு" என்றார். தை பிறந்தது. பனிதான் இன்னும் இறுகியது. கடைசியில் அம்மாவின் பெரியம்மா மகள் முடிச்சுப் போடுவது என்று அங்கேயே பேசி முடித்துவிட்டார்கள். அம்மா போனை வைத்துவிட்டு, "அவளுக்கும் அக்கா முறைதான" என்று யாரும் கேட்காமலேயே சொன்னாள்.

கல்யாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அப்பா கொண்டுவந்த மீன்கள் குளிரில் கட்டை போல விறைத்திருந்தன. செதில் உரிப்பதற்காக அம்மா அவற்றைத் தண்ணீரில் போட்டுவிட்டு மிளகாய்த்தூள் எடுக்கத் திரும்பினாள். சிங்க்கில் ஒரு சத்தம். ஒரு மீன் வாலை அடித்தது. செத்துப்போனது என்று நினைத்த மீன், செவுளைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

அன்று வீட்டில் யாரும் மீன் சாப்பிடவில்லை. உயிரோடிருந்த அந்த ஒன்றை அம்மா வாளியில் விட்டு, அப்பாவை அனுப்பி ஏரித் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, பாத்ரூமில் வைத்தாள். கல்யாணம் வரை மூன்று நாளும், அப்பா காலையில் எடுத்துவந்த புது ஏரித் தண்ணீரில், அது வாளிக்குள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் பல் தேய்க்கும்போது பார்ப்பேன். அம்மா எப்போதும் பார்த்தாள்.

"ஏரியில விட்டுரலாம்மா" என்றேன்.

"அங்க மட்டும் என்ன, அதும் மூடித்தான கெடக்கு" என்றாள்.

கல்யாணத்தன்று அதிகக் குளிரென்று பள்ளிக்கூடம் விடுமுறை. அப்பா வேலைக்குப் போய்விட்டார். நாங்கள் எழுந்தபோதே ஊரில் தாலி கட்டி, பந்தியும் முடிந்திருக்கும். அம்மா தலைக்குக் குளித்து, பட்டுப்புடவை கட்டி, அதற்கு மேல் அப்பாவின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டாள். என்னை உட்காரவைத்து, என் கோட்டின் தலைமூடிக் கயிற்றை மோவாய்க்குக் கீழே இழுத்து ஒரு முடிச்சுப் போட்டாள். பிறகு அதன் மேல் இன்னொன்று. அதன் மேல் இன்னொன்று.

"இறுக்குதும்மா" என்றேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

ஒரு கையில் வாளி, மறு கையில் ஜல்லிக்கரண்டி. ஏரிக்கரைக்கு வந்ததும் அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு என் தோள்களைப் பிடித்தாள். "இங்கேயே நில்லு. நான் கூப்பிட்டாலும் வராதே. கேட்டியா?" நான் தலையாட்டினேன். சித்தரா நான் என்று கேட்டவள், புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஸ்னீக்கர் போட்ட காலால் ஒவ்வோர் அடியாகத் தட்டித் தட்டிப் பார்த்து, தண்ணீரின் மேல் நடந்து போனாள்.

காலையில் தண்ணீர் எடுக்க அப்பா திறந்த ஓட்டை ஏரி நடுவில் மெல்லிய ஆடை கட்டிக்கிடந்தது. அவள் குத்தவைத்து, கரண்டியால் அதைக் குத்தி உடைப்பது எனக்குத் தெரிந்தது. வாளியைச் சாய்ப்பதும் தெரிந்தது. அதன் பிறகு அவள் எழுந்திருக்கவில்லை. ஓட்டையைப் பார்த்தபடியே இருந்தாள். பனியின் அடியில் எங்கோ "டொம்" என்று ஒரு சத்தம் கேட்டு ஏரி முழுக்க ஓடியது. பனி இறுகும்போது வரும் சத்தம் அது, பயப்படக்கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். அந்த நேரம் அது எனக்கு உதவவில்லை. அம்மா என்று கத்தினேன். முடிச்சு தொண்டையை இறுக்கியது. அவள் திரும்பவில்லை.

வெகுநேரம் கழித்துத் திரும்பினாள். கையை உயர்த்தி, வா என்று கூப்பிட்டாள். நிச்சயமாக வா என்றுதான். போகச் சொல்லும் கையசைப்பு எனக்குத் தெரியாதா? திரும்பவும் கூப்பிட்டாள். நான் நகரவில்லை. சொன்ன சொல் கேட்கிற பிள்ளை நான்.

அவள் திரும்பி வந்தபோது கையில் வாளி மட்டும் இருந்தது. கரண்டி ஓட்டைக்குள் நழுவிவிட்டதாம்.

"கூப்பிட்டேன்ல?" என்றாள்.

"வரக்கூடாதுன்னு சொன்னீயளே."

வாளியை மறு கைக்கு மாற்றினாள். பிறகு, "ஆமா, சொன்னேன்" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கயிற்று முடிச்சை அவளால் அவிழ்க்க முடியவில்லை. சாயங்காலம் அப்பா கத்திரிக்கோலால் வெட்டினார். அதுவரை கோட்டைக் கழற்றாமலே வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன்.

விழுந்த கரண்டியை எடுக்க என் சின்னக் கை வேண்டியிருந்ததா? மீன் நீந்திப் போவதைக் காட்ட நினைத்தாளா? அந்த ஒரு நாள் மட்டும் பக்கத்தில் யாராவது வேண்டுமென்று தோன்றியதா? அல்லது, அந்த ஓட்டையருகே போனதும் என்னையும் கூப்பிட்டுவிடுவோம் என்று தனக்கே பயந்துதான் முன்கூட்டியே வராதே என்றாளா? பகலில் முதல் பதில் சரியென்று படுகிறது. காய்ச்சலில் கிடக்கும் என் மகளின் நெற்றியில் கைவைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கும்போது அப்படிப் படுவதில்லை.

இப்போது நான் டெக்சாஸில், கேட்டி என்ற ஊரில் இருக்கிறேன். இங்கே ஏரிகள் உறைவதில்லை. அந்த நியூ ஜெர்சி ஏரியிலும் இப்போதெல்லாம் ஆள் நடக்கிற அளவுக்குப் பனி பிடிப்பதில்லை என்று அங்கிருக்கும் தோழி சொல்கிறாள். தேங்காத் துருவி வீடு மாறும்போது எங்கோ போய்விட்டது. அருகே பேர்லேண்ட் என்ற ஊரில் அப்பாவோடு இருக்கும் அம்மா, ஐம்பது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு இன்று தானே கோயிலுக்குப் போய்வருகிறாள். அந்த நாளைப் பற்றி மட்டும் நாங்கள் பேசியதில்லை.

போன வாரம் மளிகைக்கடை வாசலில், கார்கள் வந்துபோகும் இடம் என்பதால், என் ஆறு வயது மகளிடம் இங்கேயே நில்லு, யார் கூப்பிட்டாலும் வராதே என்று சொல்லிவிட்டு டிக்கியில் சாமான்களை அடுக்கினேன். முடித்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். அவள் வரவில்லை. "யூ செட் டோன்ட் கம்" என்றாள், உதட்டைக் கடித்துக்கொண்டு. அவள் கண்ணில் நின்றிருந்த பயத்தை எனக்கு நன்றாகத் தெரியும்.

தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். பின்சீட்டில் உட்காரவைத்து வீட்டுக்கு ஓட்டிவந்தேன். அம்மாவிடம் இத்தனை வருடம் கழித்துக் கேட்கலாமா, கேட்டால் அவளுக்கு வலிக்குமா என்பது ஒரு பக்கம். அதைவிட அவசரமாக எனக்கு ஒன்று தெரியவேண்டும். இதைப் படிக்கிறவர்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்: தாய் சொல்லும் இரண்டு சொல்லில் எதைக் கேட்பது என்று ஒரு குழந்தைக்கு நீங்கள் எப்படிச் சொல்லிக்கொடுத்தீர்கள்?