அப்பாவின் போனுக்கு வராத எச்சரிக்கை

கலிஃபோர்னியாவின் டப்ளினில் இருந்த ஆறு வருடமும் வானிலையைப் பற்றி நாங்கள் பெரிதாக யோசித்ததில்லை. அங்கே மிஞ்சிப்போனால் காட்டுத்தீயின் புகை வரும். ஜன்னல்களைச் சாத்திவிட்டு உட்கார்ந்துகொள்வோம். டெக்சஸில் இருக்கும் ஃபிரிஸ்கோவுக்கு வீடு மாறி வந்தபோது என் கணவருடன் வேலை செய்யும் ஒரு பெண், "மொதல்ல சிட்டி அலர்ட்ல சைன் அப் பண்ணுங்க. மத்ததெல்லாம் அப்புறம்" என்றார். வீட்டு முகவரியைக் கொடுத்தால், அந்தப் பகுதியை நோக்கிப் புயல் வரும்போது குறுஞ்செய்தியும் அழைப்பும் வரும். எங்கள் இருவரின் எண்களையும் பதிந்தேன். ஐந்து நிமிட வேலை.

ஏப்ரலில் அப்பா திருச்சியிலிருந்து வந்தார். அம்மா இறந்த பிறகு அவர் தனியாக வந்த முதல் பயணம். தினமும் சாயங்காலம் நாலரை மணிக்கு, எங்கள் குடியிருப்புக்கு நடுவே இருக்கும் குளத்தைச் சுற்றி நடக்கப் போவார். அவர் போனில் இந்திய சிம்தான். வீட்டு வைஃபையை விட்டு வெளியே போனால் அது வெறும் கடிகாரம். லோக்கல் சிம் வாங்கலாம் என்றால், "ரெண்டு மாசத்துக்கு எதுக்கும்மா? நடக்கற எடத்துல யார்கூட பேசப்போறேன்?" என்பார். நானும் விட்டுவிட்டேன்.

மே மாதத்து முதல் புதன்கிழமை, நண்பகலில் ஊர் சைரன் ஊதியது. தோட்டத்தில் நின்றிருந்த அப்பா உள்ளே வந்து, "என்னம்மா, ஃபாக்டரி சங்கு மாதிரி ஊதறான்?" என்று கேட்டார். நான் ஏதோ மீட்டிங்கில் இருந்தேன். மைக்கை அணைத்துவிட்டு, "ஒண்ணுமில்லப்பா, மாசாமாசம் டெஸ்ட் பண்ணுவாங்க. நீங்க கண்டுக்காதீங்க" என்றேன்.

அடுத்த வாரம் ஒரு நாள், காலையிலேயே போனில் எச்சரிக்கை வந்தது. டொர்னாடோ என்ற சுழற்காற்று உருவாக வாய்ப்பிருக்கிறது, கவனமாக இருங்கள் என்ற வகை. அந்தப் பருவத்தில் இப்படி அடிக்கடி வரும். விரலால் தள்ளிவிட்டு வேலையைப் பார்த்தேன். பிற்பகலில் நல்ல வெயில், தாங்க முடியாத புழுக்கம். அப்பா வழக்கம்போல ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஐந்து மணி வாக்கில் என் போன் அலறியது. இந்த முறை வாசகம் வேறு: டொர்னாடோ வருகிறது, உடனே உள்ளே பதுங்குங்கள். அதே நேரம் வெளியே சைரனும் ஊத ஆரம்பித்தது. அப்பா அதைக் கேட்டுக்கொண்டே நடந்துகொண்டிருப்பார் என்று எனக்கு உறைத்தது. கண்டுக்காதீங்க என்று சொன்னதே நான்தான்.

கார் சாவியை எடுக்கும்போது கணவர் ஆபீஸிலிருந்து அழைத்தார்.

"அலர்ட் பாத்தியா? ரெண்டு பேரும் கீழ ஜன்னல் இல்லாத பாத்ரூம்ல போய் உக்காருங்க."

"அப்பா வாக்கிங் போயிருக்கார்."

"நீ வெளிய போகாத. ப்ளீஸ்."

போனேன். வானம் பழைய பித்தளைப் பாத்திரத்தில் பச்சை பூத்ததுபோல இருந்தது. குளத்தை ஒருமுறை சுற்றினேன். பாதையில் ஓர் ஆள் இல்லை. இரண்டாவது சுற்றில் ஆலங்கட்டி விழ ஆரம்பித்தது. முதலில் பட்டாணி அளவு, பிறகு எலுமிச்சை அளவு. முன்கண்ணாடியில் குறுக்கே ஒரு விரிசல் ஓடியது. அதற்கு மேல் ஓட்டப் பயந்து, முனையிலிருந்த மளிகைக் கடைக்குள் திரும்பினேன். வாசலில் நின்ற பணியாளர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், பின்பக்கம் பால் வைக்கும் குளிர் அறைக்குள் விட்டார். அங்கே ஏற்கெனவே இருபது பேர் இருந்தார்கள்.

அப்பாவின் எண்ணுக்கு அடித்தேன், போகவில்லை. நடுவில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்துகொண்டே இருந்தது. தினமும் வரும் விளம்பரத் தொல்லைதான் என்று மூன்று முறை துண்டித்தேன். நான்காவது முறை, பக்கத்தில் பால் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த பெண், "எடுத்துத்தான் பாருங்களேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

"ஏம்மா, எத்தனை தடவ போன் பண்றது? எடுக்கவே மாட்டேங்கற?"

"அப்பா! எங்க இருக்கீங்க?"

"ஒரு லேடி வீட்ல, மாடிப்படிக்குக் கீழ. அவங்க, நான், ரெண்டு நாய். நீ பாத்ரூம்லதான இருக்க?"

"இல்லப்பா, கடையில."

"கடையிலயா? இந்த நேரத்துல உனக்கு என்ன கட?"

"உங்களத் தேடிக்கிட்டு வந்தேன்பா."

"சரி, அங்கயே இரு. அசையாத" என்றார் அப்பா. அழுதேன். பால் பெட்டிப் பெண் என் முதுகில் கை வைத்தாள்.

டொர்னாடோ எங்களுக்கு வடக்கே வெற்று நிலத்தில் போய்விட்டது. வேலிகளையும் ஒரு கொட்டகையின் கூரையையும் கொண்டுபோனதோடு சரி. எச்சரிக்கை நீங்கியதும் வீட்டுக்குத் திரும்பினேன். வாசலில் அப்பாவும், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவரும் நின்றிருந்தார்கள். தன் போனில் எச்சரிக்கை வந்து ஆசிரியை கராஜ் கதவை மூடப் போனபோது, சைரன் ஊத ஊத ஒருவர் கை வீசி நடந்துபோவதைப் பார்த்து ஓடிவந்து கூப்பிட்டிருக்கிறார். அப்பா அதை வணக்கம் என்று நினைத்துப் பதிலுக்குக் கை ஆட்டியிருக்கிறார். கடைசியில் அந்த அம்மா சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. என் எண் அப்பாவின் சட்டைப்பையில், ஒரு சீட்டில் இருந்தது. அந்த அம்மாவின் போனிலிருந்துதான் என்னை அழைத்திருக்கிறார்.

"சங்கு கேட்டுச்சும்மா. டெஸ்ட்டுனு நெனச்சுட்டேன்" என்றார் அப்பா, தன் தவறுபோல. அது என் தவறு என்று அப்போதே சொல்லியிருக்கலாம். மறுநாள் சிம் வாங்கப் போகும்போதுதான் காரில் சொன்னேன். "விடு, மாசாமாசம் ஊதினா யாருக்குத்தான் தெரியும்" என்றார்.

புது சிம்மின் எண்ணை அவரே அலர்ட் சேவையில் பதிந்தார், மின்னஞ்சலையும் சேர்த்து. ஜூனில் ஊருக்குப் போய்விட்டார். மின்னஞ்சல் மட்டும் திருச்சிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. காலைக் காபியோடு அதைப் படித்துவிட்டு, பத்திரமா என்று கேட்க அழைப்பார். அதற்குள் இங்கே புயல் கடந்து, தெரு காய்ந்திருக்கும். பட்டியலிலிருந்து எடுத்துவிடட்டுமா என்று ஒருமுறை கேட்டேன்.

"எடுக்காத. அது பாட்டுக்கு வரட்டும்" என்றார்.