தேத்தண்ணி நடுங்கக் கூடாது

கண்ணாடிக் கிளாஸில் விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே வரை தேத்தண்ணியை ஊற்றி, ஈரத்துணியைச் சும்மாடு போலச் சுருட்டி, அதற்கு நடுவில் கிளாஸைச் செருகி டேஷ்போர்டில் வைத்த பிறகுதான், பிரேக் சரிபார்த்த காரின் ஸ்டீயரிங்கை ஹனீபா தொடுவார். நேரான சாலையாகப் பார்த்துப் போய், பிரேக்கை ஒரே சீராக மிதிப்பார். ஒரு கண் சாலையில், ஒரு கண் கிளாஸில். "தேத்தண்ணி சாயலாம், நடுங்கக் கூடாதுலா" என்பார். நடுங்கினால் சாக்கடையில் கொட்டிவிட்டுக் காரைப் பட்டறைக்குத் திருப்புவார். நடுங்காவிட்டால் ஒரே மூச்சில் குடித்துவிடுவார்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை ஒட்டிய சந்தில் அவருடைய பட்டறை. பிரேக்கைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். இன்ஜினில் கோளாறு என்று வருகிறவர்களை எதிர்க்கடைக்கு அனுப்பிவிடுவார். "ஓட வைக்க ஊர்ல எத்தனையோ பேரு இருக்காங்க. நிப்பாட்ட நான் ஒருத்தன்தான்." மனிதருக்கு வாய்க்கொழுப்பு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் வேலை சுத்தம். சக்கர நட்டுகளை எதிரெதிராக முறுக்காமல் வட்டமாக வரிசையில் முறுக்குகிறவனைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது.

அப்பேர்ப்பட்டவரின் பட்டறை வாசலில் அருந்ததி டீச்சரின் கிழட்டு வெள்ளைக் கார் மூன்றாவது முறையாக வந்து நின்றது. ஹனீபாவின் முகம் தொங்கிப்போனது. டீச்சருக்கு பாலிக் பூலாவில் பள்ளிக்கூடம். தினமும் மலை வளைவுகளில் ஏறி இறங்கியாக வேண்டும். முன் சக்கரத்துப் பிரேக் டிஸ்க்குகளை இரண்டு முறை கடைசலுக்குக் கொடுத்துச் சமப்படுத்தியாயிற்று. கொஞ்ச நாள்தான். மறுபடி பிரேக்கில் கால் வைத்தால் ஸ்டீயரிங் கையை உதறுகிறது.

"எங்க வீட்டுக்காரர் ரொம்பப் பயந்துட்டாரு அண்ணே. சனிக்கிழமை பட்டர்வொர்த்லேருந்து ஒருத்தர் காரை வாங்க வராரு. வித்துட்டா வேற கார் இல்லையாம். வேலையையும் விட்டுடச் சொல்றாரு" என்றார் டீச்சர்.

ஹனீபா சக்கரத்தைக் கழற்றினார். பேரிங்கில் ஆட்டம் இல்லை. டிஸ்க்தான் மறுபடியும் கோணியிருந்தது.

"டீச்சர், மலை எறங்குனா நேரா வீட்டுக்கா போறீங்க?"

"வெள்ளிக்கிழமை மட்டும் தண்ணீர்மலை கோயிலுக்குப் போயிட்டுப் போவேன்."

"அங்க போயி என்ன செய்வீங்க?"

"பைப்புல கால் கழுவுவேன். அப்படியே நாலு வீலுக்கும் தண்ணி ஊத்துவேன். பாசார்ல மீன் தண்ணியெல்லாம் மிதிச்சிட்டு வருது. காலைக் கழுவாம நாம கோயில் வாசலுக்குப் போவோமா? கார் மட்டும் அப்படியே போய் நிக்கலாமா?"

ஹனீபா தலையில் கை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தொழுகைக்கு முன் தானும் கால் கழுவுகிறவர். டீச்சர் சொன்ன நியாயத்தை அவரால் தள்ள முடியவில்லை.

"கழுவுங்க டீச்சர், வேணாங்கல. ஆனா மலை எறங்குன டிஸ்க்கு, அடுப்புலேருந்து எடுத்த தோசைக்கல்லு மாதிரி. அது மேல பச்சத்தண்ணி ஊத்துனா கோணத்தானே செய்யும்? ஆறட்டும்லா. அப்புறம் எத்தனை வாளி வேணும்னாலும் ஊத்துங்க."

கடைந்து கடைந்து மெலிந்துபோன பழைய டிஸ்க்குகளைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியவற்றை மாட்டினார். "வெள்ளிக்கிழமை உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க" என்றார். "வெள்ளைச் சட்டை போட்டுட்டு வரச் சொல்லுங்க."

டீச்சரின் கணவர் திருநாவுக்கரசு வெள்ளைச் சட்டையில்தான் வந்தார். டீச்சர் மலையேறி இறங்கிப் பிரேக்கை நன்றாகச் சூடேற்றினார். அடிவாரத்துக் கடையில் ஹனீபா தேத்தண்ணி வாங்கி, திருநாவுக்கரசின் சட்டைக்கு நேர் எதிரே டேஷ்போர்டில் வைத்தார். பிறகு பின் சீட்டில் சாய்ந்துகொண்டார். தண்ணீர்மலைக்குப் போகும் நேர்ச்சாலை வந்தது.

"இப்ப மிதிங்க டீச்சர்."

தேத்தண்ணி முன்பக்கம் சாய்ந்தது. கார் நிற்கும் வரை சாய்ந்தபடியே இருந்தது. ஒரு சுழிப்பு இல்லை, ஒரு நடுக்கம் இல்லை.

"இன்னொரு தடவை மிதி" என்றார் திருநாவுக்கரசு. பிறகு இன்னொரு தடவை. கோயில் வரும் வரை அவரேதான் சொல்லிக்கொண்டு வந்தார். கார் நின்றதும் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "பட்டர்வொர்த்துக்காரருக்குப் போன் போட்டு வர வேணாம்னு சொல்லிடுறேன்."

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. வந்த சந்தோஷத்தில் எல்லாம் மறந்துபோய், பின்பெட்டியைத் திறந்து வாளியை எடுத்துக்கொண்டு நேராகப் பைப்பை நோக்கி நடந்தார்.

ஹனீபா கிளாஸோடு இறங்கினார். முன் சக்கரத்தருகே புறங்கையை நீட்டிச் சூடு பார்த்தார். டீச்சரின் கையிலிருந்த வாளியை வாங்கினார். அதைச் சக்கரத்தின் பக்கத்தில் கவிழ்த்துப் போட்டு, மேலே நன்றாக அமர்ந்துகொண்டு, வழக்கமாக ஒரே மூச்சில் குடிக்கிற தேத்தண்ணியை மிடறு மிடறாகக் குடிக்கத் தொடங்கினார்.