பள்ளிப் படிவத்தில் அக்காவுக்கு நான் எழுதிய உறவு

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அக்காவைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று மச்சான் சொன்னதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. என் பயத்தைப் பற்றி நம் சொந்தங்களுக்குத் தெரியும். மகளுக்கு விக்கல் வந்ததற்கு வேன் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் நான். என் உரக்கடைக்கு எலி மருந்து வாங்க வந்த ஒருவரை அதிகாரி என்று நினைத்து, கடையைத் திறந்து போட்டுவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனவனும் நான்தான். பாவம், அந்த மனிதர் அரை மணி நேரம் எனக்காகக் கடையைப் பார்த்துக்கொண்டார்.

"சிரிக்கச் சிரிக்க எழுது மாப்ள. அவளுக்கு அதுதான் பிடிக்கும்" என்றார் மச்சான். அப்படி எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வந்து முன்னால் நிற்கிறது. அதைத் தாண்டிப் போக என்னால் ஆகவில்லை.

அக்கா பிறந்தது தேவாரத்துக்கு மேற்கே, மலை தொடங்குகிற இடத்தில் இருந்த எங்கள் தோட்டத்து வீட்டில். எனக்கு ஒன்பது வயது மூத்தவர். அரசுப் பள்ளியில் பத்தாவது முடித்தார். பொட்டிப்புரத்துப் பக்கம் மச்சானுக்கு வாழ்க்கைப்பட்டார். மூன்று வருடம் மழை ஏமாற்றியதில் மானாவாரி நிலம் கையைக் கடிக்க, இருவரும் தேவாரத்துக்கே வந்து சேர்ந்தார்கள். இங்கே அரசுப் பள்ளியில் அக்காவுக்குச் சத்துணவு அமைப்பாளர் வேலை கிடைத்தது. அரிசி, பருப்பு அளந்து கொடுப்பது, எத்தனை பிள்ளைகள் சாப்பிட்டார்கள் என்று எழுதுவது. சமையல்கார அம்மா வராத நாளில் அக்காவே சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு அண்டாவில் கரண்டி போடுவார். தன் ஒரே மகனையும் அந்தப் பள்ளியிலேயே படிக்க வைத்தார்.

அந்த மகன், என் மருமகன், உத்தமன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மூன்றாம் வகுப்பில் இரண்டு முட்டைகளைத் திருடித் தின்றுவிட்டுக் காக்கை மேல் பழி போட்டவன். அக்கா அடிக்கவில்லை. அன்றைக்கு முட்டை கிடைக்காமல் போன இரண்டு பிள்ளைகள் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, "நான்தேன் தின்னேன்னு சொல்லு" என்றார். சொன்னான். அந்த இரண்டு பேரில் ஒருத்தன் இன்றைக்கும் அவனைப் பார்த்தால் "டேய் காக்கா" என்றுதான் கூப்பிடுகிறான். அவனோடுதான் இவன் தொழிலில் கூட்டு.

இனி என் கதைக்கு வருகிறேன். 1996இல் என் மகளுக்கு ஐந்து வயது. இங்கிலீஷ் பள்ளியில் சேர்க்காவிட்டால் பிள்ளை ஆடு மேய்க்கத்தான் போகும் என்று எனக்குள் ஒரு பயம். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் அந்தப் பயத்துக்கு ஆளுக்கொரு மூட்டை உரம் போட்டார்கள். உத்தமபாளையத்துப் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளி. அங்கே பெற்றவர்களுக்கும் சேர்த்துக் கேள்வி கேட்பார்கள் என்று தெரிந்ததும் மூன்று நாள் தூக்கம் இல்லை. உர மூட்டைகளுக்கு முன்னால் நின்று, "மை நேம் இஸ்" என்று பழகினேன். மூட்டைகள் ஒன்றும் சொல்லவில்லை.

என் மனைவி மஞ்சள் காமாலையில் தாய்வீட்டில் பத்தியத்தில் இருந்தாள். மகள் அத்தையை விட்டால் யாரோடும் வர மாட்டாள். அதனால் அக்கா பாதிச் சமையலில் இருந்து அப்படியே கிளம்பி வந்தார். முந்தானையில் மஞ்சள் கறை, மேலெல்லாம் சாம்பார் வாசம்.

பள்ளி வராந்தாவில் காத்திருந்த மற்றவர்களைப் பார்த்தேன். ஏலக்காய் எஸ்டேட்காரர், டாக்டர், வங்கி மேலாளர். உள்ளே கூப்பிட்டார்கள். மேசைக்கு எதிரே இரண்டு நாற்காலி. ஒன்றில் நான், இன்னொன்றில் மகளை மடியில் வைத்துக்கொண்டு அக்கா. தலைமை ஆசிரியை மலையாளம் கலந்து பேசுகிற கேரளத்துக்காரர். என் பெயரைக் கேட்டார். மூட்டைகளிடம் சொன்னதுபோலவே சரியாகச் சொன்னேன். பிறகு அக்காவைப் பார்த்து, "இவர் யாரு?" என்று கேட்டார்.

சத்துணவில் வேலை பார்ப்பவர் என் அக்கா என்று சொன்னால் இடம் கிடைக்காது என்று எவரும் என்னிடம் சொன்னதில்லை. நானே நினைத்துக்கொண்டேன்.

"எங்க வீட்ல வேலைக்கு இருக்காக மேடம்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மடியில் இருந்த பிள்ளையை இறக்கி என் பக்கம் நகர்த்தினார். நாற்காலியில் இருந்து எழுந்தார். சுவரோரமாகப் போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

என் மகள் அத்தையையும் காலியான நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு ஐந்து வயதுதான். ஆனால் பார்த்தாள்.

இடம் கிடைத்தது. மாலையில் பிள்ளையைக் கூப்பிட வருபவருக்குப் படம் ஒட்டிய அட்டை ஒன்று தருவார்கள். அதற்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். நானும் மனைவியும் கடையை விட்டு நகர முடியாது. அக்காவுக்கு மூன்று மணிக்கு வேலை முடிந்துவிடும். ஆகவே அக்கா பெயரை எழுதினேன். அடுத்த கட்டம், உறவுமுறை. ஆசிரியை பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னதை மாற்றினால் பொய்யன் ஆகிவிடுவேனே என்று பயந்து, 'வேலையாள்' என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய்யன் ஆகாமல் இருப்பதற்காக ஒரு பொய்யை எழுத்திலும் கொடுத்தவன் இந்தப் பள்ளத்தாக்கில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்காதான் முதலில் பேசினார்.

"ஏலே, வேலைக்குச் சேத்துட்ட. ஞாயித்துக்கெழம லீவு உண்டா?"

"அக்கா..."

"வருசத்துக்கு எத்தன சேலடா எடுத்துத் தருவ? எனக்கு முன்னால வேல பாத்தவ எதுக்கு நின்னா?"

நான் சிரித்துவிட்டேன். அக்காவும் சிரித்தார். அப்பாடா, முடிந்தது என்று நினைத்தேன். அக்கா அன்றைக்கு ஒரு சொல் திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன்; மறுநாளே போய்ப் படிவத்தைத் திருத்தியும் இருப்பேன். அவர் கேலி செய்தார். அந்தக் கேலியை நான் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். என் வசதி அப்படி.

அதன்பிறகு பள்ளி நாள் ஒவ்வொன்றிலும் மூன்று மணிப் பஸ்ஸைப் பிடித்து அக்கா போனார். வாசல் காவலரிடம் அந்த அட்டையைக் காட்டி என் மகளைக் கூட்டி வந்தார். மற்ற வேலைக்காரப் பெண்கள் நிற்கிற வேப்பமரத்தடியில் அவரும் நின்றார். அவர்கள் வீட்டுக் கதையெல்லாம் அக்காவுக்கு அத்துப்படி. தீபாவளிக்கு என் வீட்டுக்கு வந்தால் அட்டையை நீட்டி, "போனஸ்" என்பார். எல்லோரும் சிரிப்போம்.

அந்தப் பள்ளியை நான் குறை சொல்லவில்லை. என் மகள் அங்கே நல்லவை பல கற்றாள். வரிசையில் நிற்பாள். மேடை ஏறிப் பயமில்லாமல் பேசுவாள். அது என் ரத்தத்தில் இல்லாத குணம். ஒருமுறை மருமகன் தண்ணீர் மொண்டு கொடுத்ததற்கு நன்றி சொன்னாள். அவன் திகைத்துப் போய், "அத்த மகளே, தண்ணிக்கெல்லாமா நன்றி? அப்ப சோத்துக்குக் கால்ல விழுவியா?" என்றான். அக்கா அவன் தலையில் ஒரு குட்டு வைத்து, "நல்ல பழக்கந்தானடா, நீயும் சொல்லிப் பழகு" என்றார். அத்தை மகள் இல்லை, மாமன் மகள் என்றும் சேர்த்துத் திருத்தினார். அது அவனுக்கு இரண்டாவது குட்டு.

மகள் ஆறாம் வகுப்பு படிக்கையில் விளையாட்டு விழாவுக்கு அக்கா கடலை உருண்டை பிடித்துக் கொண்டுவந்தார். நானும் பக்கத்தில் நின்றேன். மகளின் தோழி ஒருத்தி, "இது யாரு?" என்று கேட்டாள். என் மகள் கொஞ்சமும் யோசிக்காமல், "எங்க வீட்ல வேல செய்றவங்க" என்றாள். அக்கா அந்தத் தோழிக்கும் ஓர் உருண்டை கொடுத்தார்.

எனக்கு வந்ததே கோபம்! திங்கட்கிழமை காலை முதல் ஆளாகத் தலைமை ஆசிரியை அறையில் நின்றேன். அக்காவை வராந்தாவில் உட்கார வைத்திருந்தேன்; நான் கர்ஜிப்பது அவருக்கும் கேட்கட்டும் என்று.

"என்ன மேடம் பண்பு சொல்லிக் குடுக்கிறீக? பெத்த தகப்பனோட கூடப் பொறந்தவகள வேலைக்காரின்னு சொல்லுது எம்மக! கவர்மென்ட் பள்ளிக்கூடத்துல படிச்சா இப்படிச் சொல்லுமா?"

அந்த அம்மா அலமாரியைத் திறந்து ஒரு கோப்பை எடுத்தார். ஒரு தாளைப் பிரித்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இது நிங்கள் எழுதினது தானே?"

என் கையெழுத்து.

"கூடப் பொறந்தவரா?" என்று மெதுவாகக் கேட்டார் அவர். கேலி இல்லை. பேனாவையும் என் பக்கம் நகர்த்தினார். ஒரு சொல்லை அடித்துவிட்டு இன்னொரு சொல் எழுத வேண்டும். அவ்வளவுதான். வெளியே வராந்தாவில் அக்கா இருமியது கேட்டது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "அட்டையில போட்டோ பழசாயிருச்சு மேடம், அதை மாத்தத்தான் வந்தேன்" என்றேன். புதுப் படிவம் கொடுத்தார்கள். பழையதைப் பார்த்து அப்படியே எழுதினேன். கர்ஜிக்கப் போனவன் அட்டையைப் புதுப்பித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"என்னடா சொன்னாக?"

"புது அட்ட குடுத்துருக்காக அக்கா."

அக்கா அதை வாங்கி, எட்டப் பிடித்துப் பார்த்தார். "இதுல கொஞ்சம் செவப்பா விழுந்துருக்கேன்" என்றார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது நான் பழியைப் பள்ளிக்கூடத்தின் மேல் இறக்கி வைக்கப் பார்த்தேன். "ஒன் ஸ்கூல்லயே சேத்திருக்கணுங்க்கா. அங்கன படிக்கிற பிள்ளைகளுக்கு இந்த வெக்கமெல்லாம் கெடையாது."

"யாரு சொன்னா? எங்கிட்டச் சோறு வாங்குற பிள்ளைகள்ல பாதி, கடைத்தெருவுல பாத்தா என்னயத் தெரியாத மாதிரிப் போகும். சத்துணவு ஆயான்னு கூட இருக்கிறவுக கேலி பண்ணுவாகளாம். அதயெல்லாம் பள்ளிக்கூடமா சொல்லிக் குடுத்துச்சு? வீட்டுல யாரையாச்சும் பாத்துத்தேன் படிக்குது" என்றவர் நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்திருப்பார். "பஸ் வருது, ஏறு" என்றார்.

பத்து வருடங்களில் அக்கா கேலி இல்லாமல் இதைப் பேசியது அந்த ஒரு முறைதான். அதையும் எனக்காகப் பாதியில் விட்டுவிட்டார்.

அந்தப் பள்ளி பத்தாம் வகுப்போடு முடிந்தது. பதினொன்றாம் வகுப்புக்கு அரசு மேல்நிலைப் பள்ளியில் சேர்க்க நாங்கள் மூவரும் போனோம். எழுத்தர் படிவத்தை நிரப்பிக்கொண்டே, "கூட வந்திருக்கிறது யாரும்மா?" என்று கேட்டார். பழைய பயம் எனக்குள் எழுவதற்குள் மகள் சொல்லிவிட்டாள்: "எங்க அத்தை. எங்கப்பாவோட அக்கா." கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சாதிச் சான்றிதழைக் கேட்டார்.

அவ்வளவு எளிதாக இருந்தது அது. யாரும் எழுந்து சுவரோரம் போய் நிற்க வேண்டியிருக்கவில்லை.

இதை அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று எனக்குத் தெரியாது. இரண்டு பள்ளிகளும் தங்களால்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். நான் மட்டும் சொல்லிக்கொள்ள முடியாது. வெளியே வந்ததும் அக்கா அவள் தாடையைப் பிடித்துக்கொண்டு, "அடியாத்தீ, பத்து வருச வேல போச்சேடி எனக்கு" என்றார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சென்ற ஆண்டு சிறுநீரகக் கோளாறு என்று தேனி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மச்சான் மாற்றுத்துணி எடுக்க ஊருக்குப் போயிருந்தார். நான் கடையில் இருந்து அப்படியே ஓடி வந்திருந்தேன். அழுக்கு வேட்டி, மேலெல்லாம் பூச்சிமருந்து நாற்றம். நர்ஸம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இது யாரும்மா?" என்று அக்காவைக் கேட்டார். அக்காவுக்குக் குரலே இல்லை. அந்த இல்லாத குரலில், கேட்ட மறுநொடியில் சொன்னார்.

"எந் தம்பி."

மூச்சு வாங்கிக்கொண்டு, "கூடப் பொறந்த தம்பி" என்று மறுபடியும் சொன்னார்.

அப்போதாவது அந்தக் கையைப் பிடித்து, 'அன்றைக்குத் தப்புப் பண்ணிவிட்டேன் அக்கா' என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். "காப்பி வாங்கிட்டு வரவாக்கா?" என்று வந்தது. "வாங்கிட்டு வா" என்றார். வாங்கி வந்தேன். ஆறிப்போனது. நான்காம் நாள் அக்கா போய்விட்டார்.

இந்த மலர் அச்சுக்குப் போகும் முன், போன வாரம் அந்த மெட்ரிக் பள்ளிக்குப் போனேன். மகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டுதான். அந்தப் படிவங்களை எடுத்து, அந்தச் சொல்லை அடித்துச் சரியாக எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டுவிட வேண்டும் என்று. அலுவலகத்தில் இருந்தவர் தன்மையாகச் சொன்னார்: "படிச்சு முடிச்சுப் போன பிள்ளைக ஃபைலயெல்லாம் பழைய பேப்பருக்குப் போட்டாச்சு சார்."

அக்காவின் சுகவீனத்தின்போது இரவு பகல் பாராமல் உடன் இருந்த மருத்துவர்களுக்கும், நர்ஸம்மாவுக்கும், ரத்தம் கொடுத்த மருமகனின் நண்பர்களுக்கும் (காக்கா என்று கூப்பிடுகிறவர் உட்பட), கடைசிக் காரியத்துக்கு அண்டா குண்டாவோடு வந்து நின்ற சத்துணவுப் பணியாளர்களுக்கும், வேப்பமரத்தடியில் அக்காவோடு பத்து வருடம் நின்ற, இறந்த சேதி கேட்டு அழுதபடி வந்த அந்தப் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். அந்தப் பெண்களில் ஒருவருக்கும் அக்கா என்னைக் காட்டிக் கொடுத்திருக்கவில்லை. இறந்த வீட்டில் என்னைப் பார்த்த பிறகுதான் அக்கா என் கூடப் பிறந்தவர் என்று அவர்களுக்குத் தெரிந்தது.

சொந்தங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். பழைய தாள்கள் நம் பக்கத்துக் கடைகளுக்குத்தான் வந்திருக்கும். எங்கேயாவது வடையோ கடலையோ மடித்து வாங்கும்போது, என் கையெழுத்தில், அக்கா பெயருக்கு நேராக அந்தச் சொல் இருக்கிற தாள் உங்கள் கைக்கு வந்தால், எண்ணெய்க் கறையைப் பார்க்காமல் ஒரு பேனாவை எடுங்கள். அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் 'அக்கா' என்று எழுதிவிடுங்கள்.

என்னிடம் கொண்டுவந்து காட்ட வேண்டாம். எழுதினால் போதும்.