துணைக்குப் போட்ட மாலை

சாயங்காலம் ஆறு பத்து. பூஜைக்குத் தேங்காய் எடுக்க, என் கணவர் ஆபீசிலிருந்து ஓட்டி வந்த ஸ்கூட்டரின் சீட்டைத் தூக்கினேன். தேங்காய்க்கு அடியில், கைக்குட்டையில் சுற்றி, அவருடைய துளசி மாலை இருந்தது.

அது அவர் கழுத்தில் இருக்க வேண்டியது. கார்த்திகை பிறந்ததும் எங்கள் தலத்தெருக் கோயிலில் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்துதான் சபரிமலைக்கு மாலை போட்டார்கள். யோசனை அவருடையது. கல்லூரி முடித்த பிறகு எங்கள் மகன் குடிக்க ஆரம்பித்திருந்தான். காரைக்காலில் அதற்கு அலைய வேண்டாம். வேலைக்குப் போகிற வழியிலேயே கடைகள். அழுதும் திட்டியும் நான் ஓய்ந்துபோயிருந்தேன். "நானும் துணைக்குப் போட்டுக்கறேன், அவன் சரியாயிடுவான்" என்றார். அப்படிச் சொன்ன மனிதரைக் கும்பிடலாம் போல இருந்தது.

கும்பிடவும் செய்தேன். மாலை போட்டவர் யாராயிருந்தாலும் சாமிதான். விடியுமுன் குளித்துவிட்டுத்தான் அடுப்பைத் தொட்டேன். கட்டிலை விட்டு இருவரும் பாயில் படுத்தார்கள். "சாமி, சாப்பிட வாங்க" என்று பெற்ற பிள்ளையைக் கூப்பிட்டேன். அவன் அப்பாவையும் சாமி என்றுதான் அழைத்தான். அவரும் அவனை அப்படியே. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புமுன் இருவர் காலையும் தொட்டுவிட்டுப் போவேன்.

ஒருநாள் மகனிடம், "இவ்வளவு கட்டுப்பாடு கஷ்டமா இல்லியா சாமி?" என்று கேட்டேன்.

"முன்னாடிதாம்மா கஷ்டம். தினம் சாயந்திரம் போலாமா வேணாமான்னு மண்டைக்குள்ள சண்டை. இப்ப அந்தக் கேள்வியே இல்ல. பசங்களும் கழுத்தப் பாத்துட்டு, 'போங்க சாமி, மலையிலேருந்து வந்ததும் கவனிச்சுக்கறோம்'னு கிண்டலடிச்சு அனுப்பிடறானுங்க. கடையத் தாண்டி கைய வீசிட்டு வரேன்."

மணி அடித்தால் உட்கார், மணி அடித்தால் எழுந்திரு என்று பிள்ளைகளை வருடக்கணக்காக நடத்துகிறவள் நான். ஒரு கட்டு மனிதனை இவ்வளவு இலேசாக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. மாத்திரை போடாமல் தூங்கினேன்.

அந்த மாலைதான் இப்போது என் உள்ளங்கையில். கணவர் குளித்துவிட்டு, கறுப்பு வேட்டியோடு, கழுத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வந்தார்.

"இது என்ன?"

பார்த்தார். "ஆபீஸ்ல ஒரு பார்ட்டி. போட்டுக்கிட்டுக் குடிச்சாத்தான பாவம்? கழட்டி வெச்சிட்டுத்தான் போனேன்."

"இன்னிக்கு மட்டுமா?"

துண்டை இன்னும் இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டார். பிறகு, "கத்தாத. நான் போட்டதே அவனுக்காக. நான் என்ன குடிகாரனா?" என்றார்.

எனக்குப் பின்னால் பூக்கூடையைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. மகன். எல்லாவற்றையும் கேட்டிருந்தான். வெறுங்காலோடு தெருவில் இறங்கிப் போனான். அவன் போன் மேசையிலேயே கிடந்தது.

கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எந்தக் கடைக்குள் நுழைந்திருப்பான் என்று மனம் ஒவ்வொரு கடையாகப் போய்வந்தது. கணவர் பூஜை அறை வாசலில் உட்கார்ந்து, "வந்துருவான், எங்க போவப்போறான்" என்றார். அவர் காலைப் பார்த்தேன். காலையில் நான் தொட்ட கால். குடித்ததைக்கூட விட்டுவிடலாம். முன்பெல்லாம் கழற்றி வைத்ததைத் திரும்ப மாட்டிக்கொண்டு வந்து, பேசாமல் நின்று, என் கும்பிடை வாங்கிக்கொண்டாரே. அதற்குப் பிறகு இன்றுவரை யார் காலையாவது தொடக் குனிந்தால் என் கை பாதியில் நின்றுவிடுகிறது.

ஏழு மணி தாண்டிய பிறகு கேட் திறந்தது. மகன்தான். தலையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. கழுத்தில் மாலை இருந்தது. என்னைத் தாண்டும்போது மூச்சை இழுத்துப் பார்த்தேன். குளத்துத் தண்ணீரின் வாடை மட்டும்தான்.

பூக்கூடையை எடுத்துக்கொண்டு நேராகப் பூஜை அறை வாசலுக்குப் போய் நின்றான்.

"நவுருங்கப்பா. பூஜைக்கு நேரமாச்சு."