ஐவி வீட்டுக் கடைசி அறை

நார்மன் ஹோல்ராய்டின் கால்சட்டைகளில் வலது முட்டி மட்டும் பளபளவென்று இருக்கும். இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் கம்பளம் போடும் தொழிலில் இருக்கிற எவனுக்கும் அந்த அடையாளம் உண்டுதான். ஆனால் நார்மனுடையதில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம் என்று கடை வேனை ஓட்டுகிற லென் சொல்வான்.

எல்லாம் கிக்கர் செய்கிற வேலை. கையில் பிடிக்கிற சாமான் என்றாலும் அதற்கு உயிர் கொடுப்பது கால். ஒரு நுனியில் இரும்புப் பற்கள், மறு நுனியில் தடித்த திண்டு. மண்டி போட்டு, பற்களைக் கம்பளத்தில் பதித்து, முட்டிக்குச் சற்று மேலான பகுதியால் திண்டின் மேல் ஓர் இடி இடித்தால் கம்பளம் விறைத்துக்கொண்டு முன்னால் நகரும். சுவரோரமாக அடித்து வைத்திருக்கும் ஆணிப்பட்டையின் முட்களில் போய் மாட்டிக்கொள்ளும். பிறகு அங்குலம் அங்குலமாக நகர்ந்து அடுத்த இடி. ஓர் அறைக்கு எத்தனை இடி என்று கேட்டால் நார்மனுக்குச் சொல்லத் தெரியாது. முட்டிக்குத் தெரியும். முட்டியில் தண்ணீர் கோத்திருக்கிறது, இந்த வேலையை விடு என்று மருத்துவர் சொன்னபோது சரி சரி என்று தலையாட்டிவிட்டு, அன்று மதியமே ஒரு பல் மருத்துவர் வீட்டு மாடிப்படிக்குக் கம்பளம் இடிக்கப் போய்விட்டான்.

போகாமல் என்ன செய்வது? எழுபதுகளின் நடுவில் ஊருக்கே கம்பளப் பைத்தியம் பிடித்திருந்தது. காலங்காலமாகக் கிடந்த லினோலியம் விரிப்பைப் பிய்த்தெறிந்துவிட்டு, சுவரிலிருந்து சுவர் வரை கம்பளம் போடாவிட்டால் மானம் போய்விடும் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டிருந்த காலம். குளியலறையில் போட்டார்கள். கழிப்பறையைச் சுற்றிக்கூட வெட்டிப் போடச் சொன்னார்கள். நார்மன் முகம் சுளிக்காமல் வெட்டிப் போட்டான். அவன் வீட்டில் மட்டும் வெறும் பலகைத் தரை. நாள் முழுக்க அடுத்தவர் தரையில் தவழ்ந்துவிட்டு வருகிறவனுக்குத் தன் வீட்டிலும் தவழ மனம் வரவில்லை. தனிக்கட்டைக்கு எதற்கு என்று ஒரு சாக்கும் கைவசம் இருந்தது.

அந்தத் தனிக்கட்டைக்கு ஐம்பது தாண்டிய பிறகு ஒரு வியாதி வந்தது. வியாதியின் பெயர் ஐவி ஷாக்கில்டன்.

ஐவி கணவனை இழந்தவள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. சாப்பாட்டு வரிசையில் தள்ளுமுள்ளு செய்யும் பிள்ளைகளை அதட்டி அதட்டிக் குரல் கணீரென்று ஆகிவிட்டிருந்தது. குன்றுச்சரிவில் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும் கல் வீடுகளில் ஒன்று அவளுடையது. சேர்த்துவைத்த காசில் வருஷத்துக்கு ஓர் அறை என்று கம்பளம் போட்டாள். முதலில் நடை, மறு வருஷம் முன்னறை, பிறகு மாடிப்படி, பிறகு படுக்கையறை. ஒவ்வொரு தடவையும் கடைக்காரன் நார்மனைத்தான் அனுப்பினான். வேலை சுத்தமாக இருப்பதால் என்று நார்மன் நினைத்துக்கொண்டான். மற்ற வீடுகளில் கைப்பிடி உடைந்த குவளையில் டீ வரும். ஐவி வீட்டில் தட்டோடு கூடிய பூப்போட்ட கோப்பையில், பக்கத்தில் இஞ்சிக் கேக்கோடு வரும். அவள் பேசுவாள், இவன் இடிப்பான். சாயங்காலம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பான், எதையோ சொல்ல வருவான், “கதவோரம் கொஞ்ச நாளைக்கு ஈரத்துணி போட்டுடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். இப்படியே வருஷங்கள் ஓடின.

இப்போது மிச்சம் இருந்தது மாடியில் உள்ள சின்ன அறை ஒன்றுதான். அது முடிந்தால் அந்த வீட்டில் கம்பளம் போட இடமில்லை. நார்மன் அந்தப் படியேறக் காரணமும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை வேனில் வரும்போது நார்மன் உதடு அசையாமல் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஹெப்டன் பிரிட்ஜ் பக்கம் போய், ஆற்றோரம் நடந்துவிட்டு வரலாமா என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான். லென் பார்த்துவிட்டான்.

“கார்ப்பெட்ட அந்த இடி இடிக்கிற. உன் வாயத் திறக்க வைக்க யாரு வந்து இடிக்கணும்?”

“ரோட்டப் பாத்து ஓட்டு” என்றான் நார்மன்.

“இன்னிக்கும் கேக்காம வந்தேன்னு வையி, திங்கக்கிழமை நானே போயி அந்தம்மாவக் கேட்டுருவேன். எனக்கும் இஞ்சிக் கேக் புடிக்கும்.”

கம்பளச் சுருளை மாடியில் ஏற்றிக் கொடுத்துவிட்டு லென் வேறு வேலைக்குப் போய்விட்டான். நார்மன் கதவைக் கீலிலிருந்து தூக்கிக் கழற்றி, தாழ்வாரத்தில் சாய்த்துவிட்டு வேலையை ஆரம்பித்தான். கடையிலேயே அடர்த்தியான ரகத்தை ஐவி தேர்ந்தெடுத்திருந்தாள். கால் வைத்தால் கணுக்கால் வரை புதையும் போலிருந்தது. இஸ்திரி மேசையும் பழைய தையல் மெஷினும் மட்டுமே இருக்கிற அறைக்கு எதற்கு இத்தனை உயர்ந்த சரக்கு என்று நார்மனுக்குத் தோன்றியது. ஆனால் கேட்பது அவன் வழக்கமில்லை. கேட்டுப் பழகியிருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடைசி மூலையும் முள்ளில் ஏறியது. மற்ற கருவிகளைத் தாழ்வாரத்தில் இருந்த பைக்குள் போட்டான். கிக்கர் மட்டும் அறைக்குள்ளேயே கிடந்தது. ஐவி டீயும் கேக்கும் கொண்டுவந்து, அறைக்கு நடுவில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, காலால் கம்பளத்தை அளைந்து பார்த்தாள். அந்த நேரத்தில்தான் நார்மன், தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில்கூடச் செய்யாத தப்பைச் செய்தான். கம்பளம் தடிமனாக இருந்தால் கதவின் அடியை இழைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். இவன் நினைப்பெல்லாம் ஹெப்டன் பிரிட்ஜ் பஸ்ஸில் இருந்ததால், இழைக்காமலே கதவைத் தூக்கிக் கீலில் மாட்டி, உள்ளே நின்றுகொண்டு தோளால் ஒரு தள்ளு தள்ளினான். கதவு கம்பளத்தை நசுக்கிக்கொண்டு போய் ‘டப்’பென்று சாத்திக்கொண்டது.

திறக்க வரவில்லை. உள்பக்கமாகத் திறக்கிற கதவு. நசுங்கிய கம்பளம் அதன் முன்னால் எழுந்து நின்றுகொண்டது. பிடித்திழுக்க ஒரு சின்னப் பித்தளைக் குமிழ்தான். நார்மன் பலம் கொண்ட மட்டும் இழுத்தான். குமிழ் கையோடு வந்தது.

நார்மன் குமிழைப் பார்த்தான். ஐவி நார்மனைப் பார்த்தாள்.

“பை வெளியில இருக்கு” என்றான் அவன்.

“அய்யய்யோ” என்றாள் ஐவி. ஆனால் பதறினவள் மாதிரித் தெரியவில்லை.

உங்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், நார்மன் இதை அவளிடம் சொல்லவில்லை. வெளியே போவது அவனுக்கு ஒரு நிமிஷ வேலை. கதவோரத்து மூலையில் கிக்கரை வைத்து இலேசாக ஓர் இடி இடித்தால் கம்பளம் முள்ளை விட்டுக் கழன்றுகொள்ளும். அதைச் சுருட்டி விட்டால் கதவு தானாகத் திறக்கும். வாய் வரை வந்ததை அவன் விழுங்கினான். கதவு திறந்தால் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும், பிறகு இந்தப் பக்கம் வர வழியே இல்லை. ஆகவே அந்த நேர்மையான மனிதன், வாழ்க்கையில் ஒரு சாண் துண்டுக் கம்பளத்தைக்கூடத் திருடாதவன், கிக்கரைக் காலால் மெல்ல ஜன்னல் பக்கம் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டான்.

ஐவியும் எதிரில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கேக் இருந்தது, டீ இருந்தது. லென் வந்துதான் திறக்க வேண்டும் என்று நார்மன் சொன்னான். அவன் எப்போது வருவான் என்று அவள் கேட்டாள். இருட்டுவதற்குள் வந்துவிடுவான் என்று பொத்தாம் பொதுவாகச் சொன்னான். அவ்வளவு நேரமா என்று சொல்லிவிட்டு, அவள் கேக்கை இன்னும் சின்னத் துண்டுகளாக வெட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு கிளாடிஸ் ஜன்னல் துடைக்க வந்தாள். அந்தத் தெருவில் கிளாடிஸ் ஜன்னல் துடைப்பது கண்ணாடிக்காக இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். மாடி ஜன்னலில் எழுந்து எட்டிப் பார்த்த ஐவியின் தலையையும், பக்கத்தில் ஓர் ஆண் தலையையும் பார்த்ததும் துணியைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு இறங்கி வந்தாள்.

“என்னடி ஐவி, பட்டப்பகல்ல மாடியில என்ன நடக்குது?”

“கதவு மாட்டிக்கிச்சு. கார்ப்பெட் தடிமன்.”

“ஓ, இப்பல்லாம் அதுக்குப் பேரு கார்ப்பெட்டா?” என்றாள் கிளாடிஸ். “நான் வேணா மேல வந்து தள்ளட்டுமா? இல்ல, எங்க வீட்டு ஃபிராங்க்க ஏணி எடுத்தாரச் சொல்லவா?”

வேண்டாம் என்று இரண்டு தலைகளும் ஒன்றாகச் சொல்லின. பிறகு ஒன்றையொன்று பார்க்காமல் இரண்டு பக்கம் திரும்பிக்கொண்டன. வாசல் கதவு உள்ளே தாழ் போட்டிருக்கிறது, வந்து பயனில்லை என்று ஐவி அவசரமாகச் சேர்த்துச் சொன்னாள். லென் போகும்போது அந்தக் கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போனதை நார்மன் கண்ணால் பார்த்திருந்தான். பாவம், மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டான். இப்படியும் ஒரு மண்டூகம் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு.

கிளாடிஸ் முழுத்தெருவுக்கும் செய்தி சொல்லப் போனதும் இருவரும் மறுபடி தரையில் உட்கார்ந்தார்கள். ஐவியின் கண் கிக்கர் மேல் விழுந்தது. இத்தனை வருஷமாக அதன் சத்தத்தைக் கேட்டிருக்கிறாள், தொட்டதில்லை. எடுத்துப் பார்த்தாள். பற்கள் குத்துமா என்றாள். மண்டி போட்டு, நார்மன் செய்வதைப்போலவே திண்டில் ஓர் இடி இடித்தாள். அடி நேராக முட்டிச் சில்லில் பட்டு, “யப்பா” என்று முட்டியைப் பிடித்துக்கொண்டு சிரிப்பும் வலியுமாகச் சாய்ந்தாள்.

“சில்லுல படக்கூடாதுங்க. கொஞ்சம் மேல” என்றான் நார்மன் பதறிப்போய்.

“இதையா நாள் பூரா பண்றீங்க?”

“பழகிப்போச்சு.”

அவள் முட்டியைத் தேய்த்துக்கொண்டே கிக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்தாள்.

“மிஸ்டர் ஹோல்ராய்ட், இதால இடிச்சாத்தான கார்ப்பெட் முள்ளுல மாட்டுது?”

“ஆமா.”

“அப்போ இதாலயே கழட்டவும் முடியும்ல?”

நார்மனுக்குக் காது மடல் வரை சூடேறியது. பொய் சொல்ல வாயைத் திறந்தான். பழக்கமில்லாததால் உண்மை வந்துவிட்டது.

“முடியும்.”

“ஒரு அரைமணி நேரம் ஆகுமா?”

“ஒரு நிமிஷம்.”

“அப்புறம் எதுக்கு மத்தியானத்துலேந்து உக்காந்திருக்கோம்?”

ஒத்திகை பார்த்த வாக்கியம் எங்கே போனதென்று தெரியவில்லை. பஸ்ஸும் ஆறும் காணாமல் போயிருந்தன. நார்மன் கையில் இருந்த பித்தளைக் குமிழைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

“இதுதாங்க கடைசி ரூம்பு. இது முடிஞ்சா நான் வர்றதுக்கு ஒண்ணுமில்ல. அதான் சொல்லல. தப்புதான். இப்பவே கழட்டிடறேன்.”

எழுந்திருக்கப் பார்த்தான். நெடுநேரம் மடங்கிக் கிடந்த வலது முட்டி ஒத்துழைக்கவில்லை. பாதி எழுந்து, அப்படியே ஒற்றைக்காலில் மண்டி போட்டபடி நின்றுவிட்டான்.

ஐவி கோபப்படவில்லை. கிக்கரை எடுத்துத் தன் பின்னால், அவன் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தாள்.

“இந்த ரூம்புல யாரு படுக்கறா?” என்று கேட்டாள்.

“யாருமில்ல.”

“ஒரு இஸ்திரி மேசைக்குப் போயி கடையிலயே ஒசந்த கார்ப்பெட்ட எவளாவது போடுவாளா? வருஷா வருஷம் கடையில போயி, அந்த நொண்டுற ஆளத்தான் அனுப்பணும்னு நிக்கறேன். அந்தக் கடைக்காரன் சிரிக்கறான். லென்னுக்குத் தெரியும். கிளாடிஸுக்குத் தெரியும். ஒனக்கு மட்டும் தெரியாது. இனிமே போடறதுக்கு நிலக்கரி ரூம்புதான் மிச்சம், நார்மன். அதையும் போட வெச்சிருப்ப நீ.”

நீங்க போய் நீ ஆகியிருந்தது. மிஸ்டர் ஹோல்ராய்ட் போய் நார்மன் ஆகியிருந்தது. இரண்டையும் கவனிக்க நார்மனுக்குச் சற்று நேரம் பிடித்தது. கவனித்த பிறகு, அவனுக்கு அழுகை வரும் போலிருந்தது. சந்தோஷம் தாங்கவில்லை.

“இப்ப நான் மண்டி போட்டுத்தான் இருக்கேன்” என்றான். “எந்திரிக்கவும் முடியல. அப்படியே கேட்டுரட்டுமா?”

“கேளு. அந்தக் குமிழைக் கீழ வெச்சிட்டுக் கேளு.”

கேட்டான். ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றுவதைப் பற்றி இல்லை. லென் வேனோடு வந்து கீழே ஹாரன் அடித்தபோது, கதவை ஏன் இன்னும் திறக்கவில்லை என்று சொல்ல இருவரிடமும் காரணம் இல்லை, அதைப்பற்றி இருவருக்கும் கவலையும் இல்லை.

வசந்தகாலத்தில் கல்யாணம் நடந்தது. நார்மன் தன் பலகைத் தரை வீட்டைக் காலி செய்துவிட்டு, கால்சட்டைகளையும் கிக்கரையும் எடுத்துக்கொண்டு ஐவி வீட்டுக்கு வந்து சேர்ந்தான். மருத்துவர் சொன்னதை ஐவி கேட்டுத் தெரிந்துகொண்டதால், பிறகு அவன் கடையில் நின்று அளந்து வெட்டுகிற வேலைக்கு மாறினான். இடிக்கிற வேலை மற்றவர்களுக்குப் போயிற்று.

அந்த வீட்டில் எல்லாக் கதவுகளும் விரலால் தொட்டால் திறக்கும். மாடிச் சின்ன அறைக் கதவை மட்டும் இன்னமும் தோளால் மோதித்தான் திறக்க வேண்டும். நார்மன் இழைப்புளியோடு மாடி ஏறும்போதெல்லாம் ஐவி அதைப் பிடுங்கி வைத்துக்கொள்வாள். ஒருநாள் இஸ்திரிப் பெட்டி இரவல் வாங்க வந்த கிளாடிஸ் அந்தக் கதவோடு மல்லுக்கட்டித் தோள்பட்டையைத் தேய்த்துக்கொண்டு, கம்பளக்காரன் வீட்டுக் கதவே இந்த லட்சணமா, புருஷனிடம் சொல்லி ஒரு இழைப்பு இழைக்கக் கூடாதா என்று கேட்டாள்.

ஐவி இஸ்திரிப் பெட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

“அந்தக் கதவு ஒழுங்காத் தெறந்திருந்தா, இந்த ஆளு அன்னிக்கே தொப்பிய எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பாண்டி” என்றாள்.