இரண்டு வர்க்கிகளும் ஒரே பதிவும்

எல்சம்மா வீட்டைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். தண்ணீர் குடிக்க எழுந்தாலும் கணினியை மூடிவிட்டுத்தான் போவாள். "சேச்சி, உங்க மேசைக்கு எறும்பு வந்தாலும் அடையாள அட்டை கேப்பீங்க" என்று ஆய்வகத்து ஷிபு கேலி செய்வான். அவள் சிரிக்கமாட்டாள். மீனச்சிலாற்றங்கரை மிஷன் மருத்துவமனையின் நோயாளிப் பதிவுகள் பதினாறு வருடங்களாக அவள் பொறுப்பில் இருந்தன. ஒரே ஆளுக்கு இரண்டு பதிவுகள் கிடக்கின்றன என்று கன்னியாஸ்திரீகள் குறைபட்டபோது, அவற்றை ஒன்றாக்கும் நிரலை அவளே எழுதினாள். வேறு யாரையும் அதைத் தொடவிடவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மூன்றாம் வார்டிலிருந்து நர்ஸ் பின்சி போனில் கூப்பிட்டாள்.

"சேச்சி, இங்க வர்க்கி அப்பச்சன்னு ஒரு பெரியவர். பென்சிலின் தனக்கு ஆகாதுங்கறார். முன்னாடி இங்கயே மூச்சடைச்சு விழுந்தாராம். கம்ப்யூட்டர்ல ஒவ்வாமை எதுவும் இல்லைன்னு இருக்கு. ஊசியைக் கையில எடுத்துட்டேன்."

"கீழ வை. போடாதே."

எல்சம்மா பதிவைத் திறந்தாள். ஒவ்வாமை இல்லை. அதோடு, போன மாதம் இடது முழங்காலில் அறுவை சிகிச்சை என்று இருந்தது.

"முழங்கால்ல தையல் இருக்கா பாரு."

"ஒரு கீறல்கூட இல்ல சேச்சி."

கடைசியாகத் திருத்தியது யார் என்று பார்த்தாள். எல்சம்மா, ஞாயிறு காலை ஒன்பது மணி.

அந்த நேரத்தில் அவள் தேவாலயப் பாடகர் குழுவில் நின்றிருந்தாள். அப்படியானால் அவள் பெயரில் யாரோ உள்ளே நுழைந்திருக்கிறார்கள். போன வாரம் ஷிபு அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது ஞாபகம் வந்தது. ரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தானே திருத்த அனுமதி வேண்டும் என்று கேட்டவனும் அவன்தான். நிர்வாகியான மதரிடம் புகார் எழுதிக் கொடுத்தாள்.

மதர் ஷிபுவைக் கூப்பிட்டார்.

"ஞாயித்துக்கிழமை காலைல மாமியார் வீட்ல பன்றிக்கறி நறுக்கிக்கிட்டு இருந்தேன் மதர். கேட்டுப் பாருங்க. மாமியாருக்கும் என்மேல நம்பிக்கை கிடையாது, ஆனா அங்க இருந்தேன்னு சொல்வாங்க."

"விளையாடாதே. இது நிஜமா இருந்தா இன்னைக்கே உன் வேலை போயிடும்" என்றார் மதர். எல்சம்மாவிடம் திரும்பினார். "சாயங்காலத்துக்குள்ள ஆதாரம் வேணும்."

ஆதாரத்துக்காக அவள் வார்டுக்குப் போனாள். வர்க்கி அப்பச்சன் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பச்சா, உங்க முழங்காலைப் பத்தி யாராவது வந்து விசாரிச்சாங்களா?"

"என் முழங்காலுக்கு என்ன மோளே? அறுத்தது எங்க சித்தப்பா மகன் வர்க்கிக்கு. நாங்க ஒரே வருஷம் பொறந்தவங்க. ரெண்டு பேரும் வீட்டுக்கு மூத்த பையன். தாத்தா பேரை யாரு விட்டுக்கொடுப்பா?"

அப்போதுதான் எல்சம்மாவுக்கு, மறந்தே போயிருந்த தன் நிரல் ஞாபகம் வந்தது. பெயர், வீட்டுப் பெயர், ஊர், பிறந்த வருடம் நான்கும் ஒத்துப்போனால் ஒரே ஆள். புதிய தகவலை வைத்துக்கொண்டு பழையதை விடு. இதுதான் அவள் எழுதிய விதி. மருத்துவமனையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அவள் பெயரிலேயே தானாக ஓடும்படி வைத்திருந்தாள். அவள் வீட்டிலேயே அண்ணன் நெட்டை சாக்கோ, பெரியப்பா மகன் குட்டை சாக்கோ. தாத்தா பேர் ஒன்றுதான்.

ஓடிப்போய் எல்லா வார்டுகளுக்கும் போன் செய்தாள். "நான் சொல்ற வரைக்கும் திரையை நம்பாதீங்க. எது ஆகாதுன்னு ஒவ்வொருத்தர் வாயாலயும் கேளுங்க."

நிரலை நிறுத்தினாள். ஓடத் தொடங்கிய மூன்று வாரங்களில் அது முந்நூற்றுப் பதினெட்டு ஜோடிகளை ஒன்றாக்கியிருந்தது. நிரல் ஓடுவதற்கு முன் எடுத்து வைத்திருந்த நகலிலிருந்து அத்தனையையும் பிரித்தெடுத்துத் திரும்ப வைத்தாள். வர்க்கியின் பதிவில் பென்சிலின் எச்சரிக்கை சிவப்பாக வந்து நின்றது.

பிறகு மதர், ஷிபு இருவர் முன்னாலும் நின்று புகாரைத் திரும்ப வாங்கினாள். "தப்பு என்னோடது. ஷிபு எதுவும் செய்யலை" என்று மன்னிப்புக் கேட்டாள்.

"மன்னிப்பெல்லாம் வேணாம் சேச்சி. மாமியார்கிட்ட நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்க. காலையிலேர்ந்து போலீஸை எதிர்பார்த்துக்கிட்டு இருக்காங்க" என்றான் ஷிபு.

எல்சம்மா ஒரு காகிதத்தை நீட்டினாள். இனி இரண்டு பதிவுகளை ஒன்றாக்க வேண்டுமென்றால் அவளோடு இன்னொருவரும் பார்த்து ஒப்புதல் தரவேண்டும். இரண்டாவது இடத்தில் அவன் பெயரை எழுதியிருந்தாள்.

"இப்ப என்னை நம்பறீங்களா?"

"இல்ல" என்றாள். "என்னையும் நம்பல. அதனாலதான் ரெண்டு பேர்."